ஜிபிஎஸ் ரிசீவர் லேப்டாப்பில் அடிக்கடி விட்டுப்போகிறது, புதிதாக வாங்கிவிடலாமா?

கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை கண்மாய்களின் கரை, மடை, கலுங்கு எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றும் வேலை. கார் கூரையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர், விண்டோஸ் லேப்டாப், அதில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் நகரும் புள்ளி நின்றுவிடுகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகி, மறுபடி கனெக்ட் கொடுத்தால் வருகிறது. வீட்டில் மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தாலும் நிற்பதில்லை. நடுவில் இரண்டு தடவை மவுஸ் அம்பு தானாக ஓடிக் கண்டதையெல்லாம் கிளிக் செய்தது, வைரஸாக இருக்குமோ என்று பயம். ரிசீவரை மாற்றிவிடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரிசீவர் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. 'கனெக்ஷன் போய்விட்டது' என்று நாம் சொல்வது இரண்டு வேறு கோளாறுகளுக்கும் பொதுவான பேச்சு. ஒன்று, ரிசீவருக்கு வானம் தெரியாமல் போவது, அதாவது செயற்கைக்கோள் சிக்னல் விட்டுப்போவது. இன்னொன்று, ரிசீவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, அது சொல்வது லேப்டாப் காதில் விழாமல் போவது. முதல் வகைக்கு யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிச் செருகினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். பிடித்து வைத்திருந்த கொஞ்சநஞ்சத்தையும் விட்டுவிட்டு ரிசீவர் மறுபடி தேட ஆரம்பிக்கும். உங்களுக்குச் செருகியதும் சரியாகிறது என்பதால் இது இரண்டாம் வகை. இதுவரைக்கும் நிச்சயமாகச் சொல்லலாம். இதற்கு மேல் எந்த இடத்தில் அறுகிறது என்பதை அடுத்த தடவை நிற்கும்போது நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் லேப்டாப்பின் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். யூஎஸ்பி சாதனம் சேரும்போது விண்டோஸ் தாழ்ந்து உயரும் இரட்டை ஒலி கொடுக்கும். பிரியும்போது உயர்ந்து தாழும் ஒலி. புள்ளி நின்ற அதே நேரத்தில் அந்தப் பிரியும் ஒலி கேட்டால் அறுந்தது யூஎஸ்பி மட்டத்தில்: கேபிள், செருகும் துளை, மின்சாரம் இவற்றில் ஒன்று. ஒலி ஏதும் இல்லாமல் புள்ளி மட்டும் நின்றால் கேபிளைத் தொடாதீர்கள். கியூஜிஐஎஸ்ஸின் ஜிபிஎஸ் பேனலில் டிஸ்கனெக்ட் கொடுத்து, ஐந்து விநாடி விட்டு, கனெக்ட் கொடுங்கள். வந்துவிட்டால் கேபிளுக்கும் ரிசீவருக்கும் நற்சான்று கொடுத்துவிடலாம். நடுவில் போர்ட்டை, அதாவது ரிசீவரின் தரவு உள்ளே வரும் வாசலை, கைவிட்டது மென்பொருள். வராவிட்டால் விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' என்ற பிரிவைப் பாருங்கள். ரிசீவருக்கான காம் போர்ட் (காம் 3, காம் 5 என்று ஏதோ ஒரு எண்) அங்கே இருக்கிறதா, மஞ்சள் முக்கோணத்தோடு இருக்கிறதா, பட்டியலிலேயே இல்லையா? இருந்தும் திறக்க மறுத்தால் வேறு ஏதோ நிரல் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மஞ்சள் முக்கோணம் என்றால் கோளாறு டிரைவரில், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரலில். பட்டியலில் இல்லையென்றால் மறுபடி கேபிள், துளை, மின்சாரம்தான்.

நீங்கள் இதுவரை செய்தது கேபிளைப் பிடுங்குவதும் மறுபடி கனெக்ட் கொடுப்பதும் சேர்த்து. அதனால் இரண்டில் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விட்டது.

இனி எதைச் சந்தேகிப்பது என்றால், என் முதல் சந்தேகம் பேட்டரி மேல். வீட்டில் சார்ஜரில் இருக்கும் லேப்டாப் வெளியில் பேட்டரியில் ஓடுகிறது. விண்டோஸ் இந்த இரண்டுக்கும் தனித்தனி மின்சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறது. பேட்டரியில் இருக்கும்போது சில நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரை அணையும், இன்னும் சில நிமிடத்தில் லேப்டாப்பே தூங்கும். காரை ஓட்டிக்கொண்டோ கரையில் இறங்கி நடந்துகொண்டோ இருப்பவர் லேப்டாப்பைத் தொடுவதில்லை. ரிசீவரிலிருந்து வரும் தரவை விண்டோஸ் ஆள் நடமாட்டமாகக் கணக்கில் எடுப்பதும் இல்லை. வெயிலுக்காகவும் தூசிக்காகவும் மூடியைச் சாத்தினால் சொல்லவே வேண்டாம், உடனே தூக்கம். விழித்ததும் யூஎஸ்பி சாதனங்களை விண்டோஸ் புதிதாக அடையாளம் காணும். கியூஜிஐஎஸ் மட்டும் தூக்கத்துக்கு முன் திறந்த பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு, வராத தரவுக்குக் காத்திருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் என்று ஒரே அளவாக வருகிறதே, அது கேபிளின் குணம் அல்ல. கேபிள் கோளாறு குண்டு குழியைப் பார்த்துத்தான் வரும். கடிகாரம் பார்த்து வருவது அமைப்புகளில் உள்ள ஏதோ ஒரு எண்ணாகத்தான் இருக்கும்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய், கெர்னல்-பவர் என்ற மூலத்தில் 42 என்ற எண்ணுள்ள பதிவுகளைப் பாருங்கள். லேப்டாப் தூங்கப் போன நேரம் அதில் இருக்கும். புதிய லேப்டாப்களில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற அரைத்தூக்கம் உண்டு. அதற்கு 506 உள்ளே போனது, 507 வெளியே வந்தது. இந்த நேரங்களும் உங்கள் புள்ளி நின்ற நேரங்களும் பொருந்தினால் வழக்கு முடிந்தது. பவர் ஆப்ஷன்ஸில் 'ஆன் பேட்டரி' பக்கத்தில் தூக்கத்தை 'நெவர்' என்று வையுங்கள், மூடியைச் சாத்தினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள். திரை அணைவது அணையட்டும், பேட்டரி மிச்சம். ஆனால் மூடி சாத்திய லேப்டாப்பை ஓடவிட்டபடி பைக்குள் திணித்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் அது கொதித்துத் தானாக அணைந்தால் சேமிக்காத புள்ளிகளும் சேர்ந்து போகும்.

அதே பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்ட் அமைப்புகளுக்குள், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட் என்று ஒன்று உண்டு, சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தை மட்டும் தூங்க வைப்பது. அதையும் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் 'டிஸேபிள்டு' செய்யுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யூஎஸ்பி ரூட் ஹப்'பின் பண்புகளையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சேமிப்புக்காக இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ரிசீவரின் காம் போர்ட்டுக்கும் அந்தப் பக்கம் இருந்தால் அங்கேயும் எடுங்கள். விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொண்டே இருக்கும் கருவியை விண்டோஸ் ஏன் தூங்க வைக்க வேண்டும் என்று கேட்கலாம், நியாயம்தான். ஒழுங்காக எழுதிய டிரைவர் இருந்தால் போர்ட் திறந்திருக்கும்போது அப்படி நடக்கக் கூடாது. மலிவு ரிசீவர்களோடு வரும் டிரைவர்கள் எல்லாம் ஒழுங்கானவை அல்ல. அதனால் இதை முதல் காரணம் என்று சொல்ல மாட்டேன்; செய்வதில் நஷ்டம் இல்லாத வேலை, செய்துவிடுங்கள்.

மவுஸ் அம்பு விஷயத்துக்கு வருகிறேன். அது வைரஸ் இல்லை. சீரியல் போர்ட்டில் (காம் போர்ட்டுக்கு இன்னொரு பெயர்) புதிதாக ஒரு சாதனம் வந்தால், அது அந்தக் காலத்துச் சீரியல் மவுஸாக இருக்குமோ என்று விண்டோஸ் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்கும். ரிசீவரோ மின்சாரம் வந்த நொடியிலிருந்து பேசத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சின் ஒரு துண்டு மவுஸின் அறிமுகம் போலக் காதில் விழுந்துவிட்டால், ரிசீவருக்கு 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்' என்று பெயர் சூட்டி, மவுஸ் டிரைவரிடம் போர்ட்டை ஒப்படைத்துவிடும். அப்புறம் வருகிற ஒவ்வொரு அகலாங்கும் நெட்டாங்கும் மவுஸ் அசைவாகவும் கிளிக்காகவும் மாறும். கியூஜிஐஎஸ் வந்து கதவைத் தட்டினால் போர்ட் பிஸி. அவசரமாகப் பிடுங்கிச் செருகும்போதும், ரிசீவரைச் செருகியபடியே லேப்டாப்பைத் துவக்கும்போதும்தான் இது அதிகம் நடக்கும். ஆகவே உங்கள் கைவைத்தியமே இந்த இரண்டாம் நோயைக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு.

அம்பு ஓடும்போதே ரிசீவரைப் பிடுங்காமல், விசைப்பலகையால் டிவைஸ் மேனேஜருக்குப் போய், மவுஸ் பிரிவில் அந்தப் பால்பாயின்ட்டை 'டிஸேபிள்' செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த தடவை புதிதாக முளைக்கும். டிஸேபிள் செய்தது அப்படியே கிடக்கும். வேறு துளையில் செருகினால் அங்கே இன்னொரு தடவை செய்ய வேண்டிவரலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதியில் 'செர்மவுஸ்' என்ற பதிவைத் தேடி, அதன் 'ஸ்டார்ட்' மதிப்பை 3-லிருந்து 4 ஆக்கி, மறுதுவக்கம் செய்யுங்கள். சீரியல் மவுஸை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை என்பதால் பக்கவிளைவு இல்லை. ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயக்கம் இருந்தால் டிஸேபிளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதெல்லாம் சத்தமில்லாமல் நிற்கும் வகை. பிரியும் ஒலி கேட்டது என்றால் கேபிளைப் பாருங்கள். கூரைமேல் ரிசீவர், உள்ளே லேப்டாப் என்றால் கேபிள் கதவிடுக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். கதவின் மேல் மூலையில்தான் உலோகமும் உலோகமும் மிக நெருங்குகின்றன. அங்கே வைத்துச் சாத்தினால் நாளுக்கு இருபது தடவை கேபிளை நசுக்குகிறீர்கள். மேலுறை பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே தலைமுடி கனத்துக்கு இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். விரலால் கேபிளை அங்குலம் அங்குலமாகத் தடவி வாருங்கள். தட்டையாக அமுங்கிய இடம் கைக்குத் தெரியும். அந்த இடத்தில் லேசாக மடக்கிப் பார்க்கும்போது பிரியும் ஒலி வந்தால் வேறு சாட்சி வேண்டாம். பின்கதவின் தடித்த ரப்பர் பட்டை வழியாகக் கேபிளைக் கொண்டுவந்தால் நசுங்குவது குறையும். வெளியே கொஞ்சம் தொய்வு விட்டு வளைத்தால் மழைத்தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வழியாது.

அடுத்து யூஎஸ்பி முனை. அதன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நாளடைவில் தளர்ந்து ஆடும். கண்மாய்க் கரை மண்பாதையில் வண்டி குலுங்கும்போது ஒரு கண்ணிமைப்புக்கு மின்சாரம் விட்டால் போதும், சாதனம் போய்த் திரும்பி வந்துவிடும். கியூஜிஐஎஸ்ஸுக்கு மட்டும் அது தெரியாது. செருகும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி கேபிளில் ஒரு சுற்றுப் போட்டு, லேப்டாப் வைத்திருக்கும் தட்டிலோ இருக்கையிலோ ஜிப்-டை போட்டுக் கட்டுங்கள். இழுப்பு எல்லாம் அந்தக் கட்டில் விழ வேண்டும், முனையில் விழக் கூடாது. நீட்டிப்புக் கேபிள் போட்டிருந்தால் ஒருநாள் அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். யூஎஸ்பி 2.0-வில் ஒரு கேபிள் அதிகபட்சம் 5 மீட்டர் என்பது கணக்கு. ரிசீவரின் சொந்தக் கேபிளும் இந்த 5-க்குள் அடக்கம். ஆனால் நீளத்தைவிடக் கெடுதல், நடுவில் கூடும் ஒவ்வொரு இணைப்பும்தான். மின்சாரம் இல்லாத மலிவு ஹப் வழியாகச் செருகியிருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி ஓரம் வையுங்கள்.

லேப்டாப்பைக் காரிலேயே இன்வெர்ட்டர் வைத்துச் சார்ஜ் செய்பவராக இருந்தால் இன்னொரு சோதனை: இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் பிரியும் ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் கார் பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று இறங்கும், மலிவு இன்வெர்ட்டர் அதைச் சமாளிக்காது. ஸ்டார்ட் செய்த பிறகு இன்வெர்ட்டரைப் போடுவது எளிய வழி. இது உங்களுக்குப் பொருந்துமா என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை.

காம் எண் மாறுவதும் பலரைக் குழப்பும். மலிவு ரிசீவர்களுக்குள் இருக்கும் பிஎல்2303, சிஎச்340 போன்ற, சீரியல் பேச்சை யூஎஸ்பிக்கு மாற்றும் மாற்றிச் சிப்புகளுக்குத் தனி வரிசை எண் இருக்காது. அதனால் விண்டோஸ் அவற்றைச் செருகிய துளையை வைத்தே அடையாளம் காணும். இடப்பக்கத் துளையில் காம் 3 என்றால் வலப்பக்கம் காம் 7. ஒரு துளையைத் தேர்ந்து, அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அதிலேயே செருகுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் 'ஆட்டோடிடெக்ட்' வேண்டாம், அந்தப் போர்ட்டையே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் இது ஜிபிஎஸ் பேனலுக்குள்ளேயே இருக்கும். புதியவற்றில் செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், ஜிபிஎஸ் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. கழற்ற வேண்டி வந்தால் முதலில் கியூஜிஐஎஸ்ஸில் டிஸ்கனெக்ட், பிறகு கேபிள். மாற்றிச் செய்தால் செத்துப்போன இணைப்பைக் கியூஜிஐஎஸ் விடாமல் பிடித்துக்கொண்டு, திரும்பி வரும் போர்ட்டைத் திறக்கவிடாமல் செய்யும். சில சமயம் நிரலையே மூடித் திறந்தால்தான் விடும்.

ஒரு காம் போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரிசீவரோடு வந்த சோதனை நிரல் பின்னணியில் திறந்திருந்தால் கியூஜிஐஎஸ்ஸுக்கு இடமில்லை. இரண்டுக்கும் தரவு வேண்டுமென்றால் நடுவில் போர்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு. உங்கள் வேலைக்கு அது தேவைப்படாது.

பிஎல்2303 பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தச் சிப்பின் பழைய ரகங்களையும் போலிகளையும் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்த ரகம் 2012-லேயே கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகமே நிற்கும். அப்படி நின்றால் 'அப்டேட் டிரைவர்' போய், கணினியில் இருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியில், பழைய பதிப்பைப் போட வேண்டும். உங்கள் கோளாறு விட்டு விட்டு வருவது, இதுவோ மொத்தமாகப் படுத்துவிடும் வகை. ஆகவே இப்போது உங்களுக்கு இது இல்லை. ஆனால் விண்டோஸ் அப்டேட் ஒருநாள் இரவில் வந்து புது டிரைவரைப் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில் இது வரும். களத்துக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு அப்டேட்டை நிறுத்தி வைப்பது நல்லது.

போர்ட் இருக்கிறது, திறக்கிறது, புள்ளி மட்டும் வரவில்லை என்ற நிலையும் உண்டு. அப்போது கியூஜிஐஎஸ்ஸை மூடிவிட்டு, புட்டி மாதிரி, போர்ட்டில் வருவதை எழுத்தாகக் காட்டும் ஒரு டெர்மினல் நிரலில் அந்தக் காம் போர்ட்டைத் திறந்து பாருங்கள். டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரித்த வரிகள் விநாடிக்கு ஒரு கொத்தாக ஓட வேண்டும். கட்டமும் கேள்விக்குறியுமாகக் குப்பை வந்தால் பேசும் வேகம் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற எண்) பொருந்தவில்லை. பழைய சர்ஃப் சிப் ரிசீவர்கள் 4800-இல் பேசும். யூ-பிளாக்ஸ் 7, 8 சிப்புகள் ஆலையிலிருந்து வரும்போது 9600. யூ-பிளாக்ஸ் சிப் நேரடியாக யூஎஸ்பியில் இணையும் ரகமாக இருந்தால் எந்த வேகம் போட்டாலும் ஓடும். நடுவில் மாற்றிச் சிப் இருந்தால்தான் இது உதைக்கும். யாராவது வேகத்தை 115200-க்கு ஏற்றிவிட்டு, அதை ரிசீவரின் நினைவில் சேமிக்காமல் விட்டிருந்தால், மின்சாரம் ஒரு கணம் விட்டதும் அது 9600-க்குத் திரும்பிவிடும். கியூஜிஐஎஸ் 115200-இலேயே காத்திருக்கும். சர்ஃப் ரிசீவர்களில் இன்னொரு தொல்லை: சில நிரல்கள் அதைப் பைனரி மொழிக்கு மாற்றிவிட்டு, திருப்பாமல் மூடிக்கொள்ளும். உற்பத்தியாளரின் சொந்தச் சோதனை நிரலில் போய் என்எம்இஏ-வுக்கு, அதாவது டாலர் குறியில் தொடங்கும் அந்த எழுத்து வரிகளுக்கு, திருப்பினால் சரியாகும்.

4800-இல் இன்னொரு நெருக்கடி உண்டு. ஒரு எழுத்துக்கு 10 பிட் வீதம் விநாடிக்கு 480 எழுத்துதான் போகும். ஒரு என்எம்இஏ வரி அதிகபட்சம் 82 எழுத்து. சராசரி 65 என்று வைத்தால் ஏழு வரியிலேயே கொள்ளளவு முடிந்துவிடும். ரிசீவர் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பார்க்கும் ரகம் என்றால் செயற்கைக்கோள் பட்டியல் வரிகளே அதைத் தின்றுவிடும். வரிகள் பாதியில் வெட்டுப்படும், வரியின் கடைசியில் நட்சத்திரக் குறிக்குப் பின்வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாது, மென்பொருள் அந்த வரியைத் தூக்கி எறியும். புள்ளி நிற்பதும் துள்ளுவதுமாக இருக்கும். ஆகவே 9600 அல்லது அதற்கு மேல், விநாடிக்கு ஒரு தடவை: நடந்தும் காரில் மெதுவாகவும் கரையைப் பதிவு செய்ய இது தாராளம்.

டெர்மினலில் பார்க்கும்போதே, செயற்கைக்கோள் சிக்னல் விட்டுப்போகும் முதல் வகைக் கோளாறா என்பதையும் தெரிந்துகொள்ளலாம். ஆர்எம்சி என்று முடியும் தலைப்புள்ள வரியில் நேரத்துக்கு அடுத்து ஏ என்ற எழுத்து இருந்தால் இடம் தெரிகிறது, வி என்றால் தெரியவில்லை. ஜிஜிஏ வரியில் நெட்டாங்குக்கும் அதன் திசை எழுத்துக்கும் அடுத்து வரும் எண் 0 என்றால் ஃபிக்ஸ் இல்லை, அதாவது இடம் பிடிபடவில்லை, 1 என்றால் சாதாரண ஜிபிஎஸ், 2 என்றால் திருத்தம் சேர்ந்தது. அதற்கடுத்து செயற்கைக்கோள் எண்ணிக்கை, அதற்கடுத்து எச்டிஓபி, செயற்கைக்கோள்கள் வானில் பரவியிருக்கும் விதத்தால் வரும் பிழையின் அளவு, சிறிதாக இருந்தால் நல்லது. வரிகள் ஓடிக்கொண்டிருக்க, வி-யும் 0-வும் வந்தால் லேப்டாப்பைத் திட்டாதீர்கள், வானத்தைப் பாருங்கள். அடர்ந்த தென்னந்தோப்பு, அழகர்மலை அடிவாரம், மாசி வீதிகளின் கட்டட இடுக்கு எல்லாம் இதற்குப் பேர்போனவை. திறந்த கண்மாய்க் கரையில் பகலில் இது வரக் கூடாது. இந்த வரிகளில் நேரம் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அகலாங்கு 0955.5000 என்று இருந்தால் அது 9 பாகை 55.5 நிமிடம், அதாவது 9.925 பாகை, 9.555 அல்ல. இதைத் தவறாகப் படித்துவிட்டு ரிசீவர் 40 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது என்று சொல்பவர்கள் நிறைய.

மாலை மங்கிய பிறகு வேலை செய்தால் மட்டும் ஒன்று. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் கலங்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளிலும் இது அதிகம். அப்போது திறந்தவெளியிலும் சிக்னல் மினுமினுத்து விட்டுப்போகும். ரிசீவர்மேல் குற்றமில்லை, அடுத்த நாள் காலையில் போங்கள்.

உசிலம்பட்டி வரை போகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யூடிஎம் முறையில், மண்டலம் 43-க்கும் 44-க்கும் எல்லையான 78 பாகை நெட்டாங்கு மதுரைக்குச் சற்று மேற்கே, உசிலம்பட்டி போகும் வழியில் குறுக்கே விழுகிறது. மதுரையும் மேலூரும் 44, உசிலம்பட்டி 43. கியூஜிஐஎஸ் தானே மாற்றிக்கொள்ளும் என்பதால் அதில் புள்ளி துள்ளாது. கைக்கருவியில் யூடிஎம் வைத்து எண்களைக் குறித்துக்கொள்பவர்களுக்கு, மேற்கே போகும்போது கிழக்கு மதிப்பு 1,71,000 பக்கத்திலிருந்து திடீரென 8,29,000 பக்கத்துக்குப் போகும். மண்டல எண்ணைக் குறிக்காமல் விட்டால் அந்தப் புள்ளிகள் வரைபடத்தில் எங்கோ போய் விழும். களத்தில் அகலாங்கு, நெட்டாங்காகவே பதிந்துகொள்ளுங்கள், பிறகு மாற்றலாம்.

ரிசீவரை மாற்றுவதால் கிடைக்காத ஒன்றும் உண்டு. இந்த விலையில் எதை வாங்கினாலும் துல்லியம் இரண்டு மூன்று மீட்டர்தான், மரத்தடியில் அதுவும் இல்லை. கண்மாயின் வடிவத்துக்கும் மடை இருக்கும் இடத்துக்கும் போதும். ஆக்கிரமிப்பு, எல்லைக்கல் தகராறு என்று வந்தால் இதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அதற்கு எஃப்எம்பி என்ற அரசின் நில அளவை வரைபடமும் சர்வேயரின் கருவியும்தான்.

கோளாறு பிடிபடும்வரை வேலை நிற்க வேண்டாம். ஜிபிஎஸ் பேனலில் என்எம்இஏ வரிகளை அப்படியே ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். புள்ளி எத்தனை மணிக்கு நின்றது என்பதற்கும் அதுவே பதிவு. ஒவ்வொரு மடையைக் குறித்ததும் லேயரைச் சேமியுங்கள். கூடவே ஆண்ட்ராய்டு போனில், கியூஜிஐஎஸ் திட்டங்களைத் திறக்கும் கியூஃபீல்டு செயலியைப் போட்டு அதே திட்டத்தைத் திறந்து வைத்தால், லேப்டாப் மக்கர் செய்யும் நேரத்தில் போனின் சொந்த ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளலாம்.

தூக்கத்தையும் செலக்டிவ் சஸ்பென்டையும் அணைத்து, பால்பாயின்ட்டை முடக்கி, கேபிளைக் கட்டி, ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் நின்றால் மூன்று விவரம் எழுதுங்கள்: நின்றபோது பிரியும் ஒலி கேட்டதா, டிவைஸ் மேனேஜரில் அந்த நேரம் போர்ட் என்ன நிலையில் இருந்தது, அதன் பெயரில் பிஎல்2303, சிஎச்340, யூ-பிளாக்ஸ் இவற்றில் எது இருக்கிறது. அந்த மூன்றும் வந்தால், மாற்ற வேண்டியது ரிசீவரா, கேபிளா, டிரைவரா என்று சொல்லிவிடலாம்.